பதினேழாவது மட்டை

பகாவ் மருந்துக்கடையில்
மூன்றாவது தட்டுக்கு முன்னால் நிற்கிறேன், அரைமணி நேரமாக.
கையில் சிரம்பான் ஆஸ்பத்திரித் தாள்,
மடித்து மடித்து நாலாகப் பிரியப் போகிறது.

கால்சியத்தில் இரண்டு சாதி.
கார்பனேட் மலிவு. ஆனால் அதைக் கரைக்க
அமிலம் வேண்டுமாம்.
கோழிமுட்டை அளவு வயிற்றை வைத்துக்கொண்டு
அமிலத்துக்கு நான் எங்கே போவேன்?
சிட்ரேட் அறுபத்தெட்டு வெள்ளி,
அறுபது மாத்திரை, நாளைக்கு நாலு.
பதினைந்து நாள், என்கிறது
கணக்கு எழுதியே பழகிய மண்டை.

இரும்பைக் கால்சியத்தோடு சேர்க்காதே,
இரண்டு மணி நேரம் விலக்கி வை
என்று தாளில் இருக்கிறது.
சண்டைபோட்ட சம்பந்திகளைக்
கல்யாணப் பந்தியில் உட்கார வைப்பது மாதிரி.
இரும்பு போட்டதும் தே குடிக்கக் கூடாது.
அதைச் சொன்னபோதுதான் அழுதேன்.
வயிற்றை வெட்டித் தைத்தபோது அழாதவள்.

கரடி பொம்மை வடிவத்தில் ஒன்று இருக்கிறது, இனிப்பாக.
தாளில் அதற்கு நேரே
பெரிய பெருக்கல் குறி.

மாத்திரை உறை எதில் செய்தது, லியூ?
ஹலால் முத்திரையை விரலால் தட்டினாள்:
பன்றி இல்லை, பயப்படாதே.
மாடு?
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப்
பொடி எழுத்தை மூக்கருகே பிடித்துப் படித்தாள்.
மாடுதான் லா.
இரண்டு பேரும் சிரித்தோம்.
பொட்டலம் தட்டுக்கே திரும்பிப் போனது.

நாத்தனார் மரகதவல்லியிடம்
தங்க நிறத்தில் ஒரு பொடி இருக்கிறது,
இருநூற்றெண்பது வெள்ளி.
எல்லாமே இதுல இருக்கு அண்ணி.
எல்லாமேன்னா எவ்வளவு?
இயற்கை அண்ணி.
அவளுக்குக் கீழே இன்னும் மூன்று பேர் சேர்ந்தால்
பாங்காக் டிக்கெட் கிடைக்கும் அவளுக்கு.
நான் மூன்றாவது ஆள்.

எனக்குச் செம்பனை ஆலையில் எடைமேடை வேலை.
லோரி குலையோடு ஏறும்,
காலியாக இறங்கும்.
வந்தது, போனது, வித்தியாசம்:
மூன்று கட்டம், ஒரு முத்திரை.
ஜனவரியில் நான் நூற்றுப் பதினெட்டு,
இன்றைக்கு எழுபத்தொன்பது.
வித்தியாசத்துக்கு யாரும் ரசீது தரவில்லை.
கோயிலில் கேட்கிறார்கள், சக்கரையா?
குளியலறைத் துவாரத்தில்
கொத்துக் கொத்தாக என் தலைமுடி.

மட்டை மஞ்சளடித்தால்
செம்பனையை யாரும்
வாயைக் கட்டத் தெரியாதவள் என்று சொல்வதில்லை.
பதினேழாவது மட்டையை எண்ணி அறுத்து,
நடு இலையை உறையில் போட்டு
ஆய்வுக்கு அனுப்புவார்கள்.
மக்னீசியம் குறைவு, போரான் குறைவு
என்று கடிதம் வரும்.
பின்னாலேயே மூட்டை வரும்.
ஆலைக்கு மாறுவதற்கு முன்
பதினோரு வருஷம் அந்த உரத்தை
இடுப்பு வாளியில் சுமந்து இறைத்தவள் நான்.
மரத்துக்கு இரண்டரைக் கிலோ.
கூடினால் மண்டோர் கத்துவார், குறைந்தாலும் கத்துவார்.
நின்றால் கால் வீங்கும், அப்போது நான் தொண்ணூறு,
வெறும் சோறும் சீனித்தண்ணியும்.
எனக்கு இன்னது குறை என்று
ஒரு தாளில் எழுதி வர
நாற்பத்து நான்கு வயசாயிற்று.

சிட்ரேட் எடுத்தேன்.
இரும்பு எடுத்தேன், உறையில்லாதது.
மெல்லுகிற கூட்டு விட்டமின், ஆரஞ்சு வாடை.
நாக்கடியில் கரைகிற பி-பன்னிரண்டு.
நூற்றெழுபத்து மூன்று வெள்ளி நாற்பது காசு.
மூன்று வெள்ளியை லியூ தள்ளிவிட்டாள்.
மரகதவல்லிக்கு என்ன சொல்வது
என்பதற்கு மட்டும் அங்கே மருந்து இல்லை.

மறுநாள் காலை ஏழே கால்.
ரோஸ்லியின் லோரி மேடையில் நிற்கிறது,
குலைகள் மேல் மழைத்தண்ணீர்.
எத்தனை டன் கா, என்று கத்துகிறான்.
நாக்கடியில் அது இன்னும் கரையவில்லை,
வாய் திறந்தால் விழுங்கிவிடுவேன்.
எட்டு விரல் காட்டுகிறேன்.
எட்டா, எட்டு புள்ளி எவ்வளவு?
ஹாரன் அடிக்கிறான்,
பின்னால் இன்னும் நாலு லோரி.

பொறு, என்று
கையைக் காட்டுகிறேன்.